பழி ஏற்கும் கியர்பாக்ஸ்

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் பலருக்குப் பழக்கமான ஓர் உதறல் உண்டு. நெடுஞ்சாலையில் மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் வண்டி சீராகப் போய்க்கொண்டிருக்கும். லேசான மேடு வரும். ஓட்டுபவர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதிப்பார். உடனே வண்டி அடியிலிருந்து தடதடவென்று அதிரும், சற்று நேரத்தில் அடங்கியும் விடும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சினில் ஒரு குறையும் தெரியாது. எச்சரிக்கை விளக்கும் எரியாது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த முடிவுக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கிப் புதுப்பிக்க அங்கே சில ஆயிரம் டாலர் ஆகும். அதே உதறலைக் கிளப்பக்கூடிய ஓர் இக்னிஷன் காயிலுக்கு அதில் சிறு பங்குகூட ஆகாது. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டிய பிறகும் வண்டி அதே மேட்டில் அதே மாதிரி உதறினால் உரிமையாளர் யாரிடம் போய்ச் சொல்வார்?

குழப்பம் பிறக்கும் இடம் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவது அது. எஞ்சினின் சின்னச் சின்னத் தடுமாற்றங்களை அந்த எண்ணெயே வாங்கிக்கொள்ளும். வேகம் நிலைப்பட்டதும், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உள்ளே இருக்கும் கிளட்ச் இரண்டையும் நேராகப் பூட்டிவிடும். அதன்பின் எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரியத் தவறினாலும் அந்த அடி நேரே சேஸிக்கு வந்து சேரும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஒரே ஒரு சிலிண்டர் தொடர்ந்து மிஸ் ஆனால் விநாடிக்கு 12.5 முறை அடி விழும். சாலையோர எச்சரிக்கை வரிகள்மேல் டயர் ஏறியதுபோல் இருக்கும். எஞ்சின் கோளாறு என்ற நினைப்பே வராது.

சும்மா ஓடும்போது ஒழுங்காக இருக்கும் காயில் மேட்டில் ஏன் கைவிடுகிறது? மிதி கூடினால் சிலிண்டருக்குள் காற்று அதிகம் புகும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மின்சாரம் அதன் வழியே சிலிண்டர் ஹெட்டுக்கு ஓடிவிடும். பிளக் குழியில் தண்ணீர் இறங்கியிருந்தாலும் இதே கதிதான். எஃப்-150இல் வந்த 5.4 லிட்டர் டிரைட்டன் வி8 எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக 8 காயில்கள், ஆழமான குழிகளில் அமர்ந்திருக்கின்றன.

பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. தொட்டதும் கன்வெர்ட்டரின் பூட்டு விடும். உதறல் நின்றால் குற்றவாளி கன்வெர்ட்டர் என்பார்கள். இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. பூட்டு விட்டதும் எண்ணெய் மறுபடி நடுவே வருவதால் எஞ்சினின் மிஸ்ஸிங்கும் மறைந்துபோகும். இரண்டு நோய்க்கும் அங்கே ஒரே அறிகுறிதான்.

கியர்பாக்ஸ் எப்போதும் நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. எஃப்-150கள் பலவற்றில் இருந்த 4ஆர்70டபிள்யூ கியர்பாக்ஸில் கன்வெர்ட்டர் கிளட்ச் உண்மையாகவே வழுக்கி அதிர்ந்தது. பழைய எண்ணெயை முழுக்க வெளியேற்றி மெர்க்கான் வி எண்ணெய் நிரப்புவதே பல வண்டிகளுக்கு மருந்தாக அமைந்தது. இரண்டு கோளாறும் ஒரே குடும்பத்து வண்டிகளில் குடியிருந்ததால்தான் ஊகத்தை நம்ப முடியவில்லை.

பிரித்தறிய வழி இருக்கிறது. ஓவர்டிரைவை அணைத்து, பூட்டு விழாத வேகத்தில், கீழ் கியரில் மேடு ஏற்ற வேண்டும். அப்போதும் இடித்தால் எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் எஞ்சின் சுற்றையும் கியர்பாக்ஸுக்குள் நுழையும் சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் உறுதி. பூட்டு விழுந்த பிறகும் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஏறி இறங்கினால் கிளட்ச் வழுக்குகிறது.

விளக்கு எரியவில்லையே என்று எஞ்சினை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களிலும் இலகுரக டிரக்குகளிலும் கட்டாயமான ஓபிடி-2 முறையில், கிராங்க் ஷாஃப்டின் வேகம் எங்கெங்கே தளர்கிறது என்பதை வைத்து மிஸ்ஃபயர் எண்ணப்படுகிறது. 200 சுற்றுக்கு ஒரு கணக்கு, 1000 சுற்றுக்கு இன்னொரு கணக்கு. எல்லையைத் தாண்டினால்தான் பி0304 போன்ற பிழைக் குறியீடு பதியும். மேட்டில் மட்டும் சில நொடி வரும் மிஸ்ஸிங் அதற்கு எட்டாமலே போகலாம். ஆனால் மோட் 6 என்ற பகுதியைத் திறந்தால் சிலிண்டர்வாரியாக எண்ணிக்கை கிடைக்கும். கியர்பாக்ஸின் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்னால் இந்தப் பக்கத்தைப் பார்க்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடக் கூடாது.

நான்காவது சிலிண்டரில் எண்ணிக்கை ஏறியிருந்தால், அதன் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு அதே மேட்டில் ஓட்ட வேண்டும். மிஸ்ஸிங் இரண்டாவதுக்குத் தாவினால் காயில்தான். நான்காவதிலேயே நின்றால் அடுத்து பிளக். 2004இல் எஃப்-150க்கு வந்த மூன்று வால்வு 5.4 எஞ்சினாக இருந்தால் இங்கே பொறுமை வேண்டும். அதன் பழைய பிளக்குகளின் நீண்ட கீழ்ப்பகுதி கரி பிடித்து ஒட்டி, திருகும்போது முறிந்து ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். கால் சுற்றுக்கு மேல் தளர்த்தாமல், கார்புரேட்டர் கிளீனர் ஊற்றி ஊறவைத்து, முன்னும் பின்னுமாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். பிளக்கும் நன்றாக இருந்தால் இன்ஜெக்டர், அதற்கப்புறம் கம்ப்ரெஷன்.