குளிருக்குப் போன இடம்

எங்கள் வீட்டில் யாரும் கேமரன் மலைக்குப் போனதில்லை. ஈப்போவிலிருந்து இரண்டு மணி நேரம்தான். பள்ளி விடுமுறை வந்தால் அண்ணனும் நானும் நச்சரிப்போம். "ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், எனக்கு வாந்தி வரும்" என்பார் அம்மா. ஒருமுறை அப்பா காரையே வெளியே எடுத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல். அம்மா பிறந்ததே அந்த மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் என்பது பாட்டி இறந்த வீட்டில், வந்தவர்கள் பேசிக்கொண்டதில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் அறுபத்து நான்கு வயதில் "பாண்டுங் போலாமாடி?" என்று கேட்டதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. காரணம் பக்கத்து வீட்டு மக்சிக். பசார் பாருவில் துணி அவ்வளவு மலிவு என்று ஒரு மூட்டை வாங்கி வந்து பரப்பிக் காட்டியிருக்கிறார். பாண்டுங் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே இருக்கும் மலை நகரம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் காய்ச்சல் வந்துவிடும்.

எனக்கும் போக ஆசை இருந்தது. 1955 ஏப்ரலில் ஆசிய ஆப்பிரிக்க மாநாடு நடந்த ஊர். சுகர்னோ தொடங்கி வைக்க, நேருவும் நாசரும் சூ என்லாயும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த கெடுங் மெர்டேக்காவைப் பார்க்க வேண்டும் என்று கல்லூரிக் காலத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜகார்த்தாவில் இறங்கி, 2023இல் ஓடத் தொடங்கிய அதிவேக ரயிலைப் பிடித்தோம். அதற்கு 'வூஷ்' என்றே பெயர். வேகத்தைக் காட்டும் பலகையில் எண் 350ஐ நெருங்கியபோது, "இவ்ளோ அவசரமா எங்க போறாங்க எல்லாரும்?" என்றார் அம்மா.

மாநாட்டு அருங்காட்சியக வாசலில் காவலரிடம் அம்மா தன் மலாயில் கேட்டார்: "பெர்ச்சுமாகா?" இலவசமா என்று கேட்டதாக அம்மாவுக்கு நினைப்பு. இந்தோனேசியாவில் அந்தச் சொல்லுக்கு 'வீண்' என்று பொருள். இது வீண்தானா என்று ஒரு தமிழ் அம்மா வந்து கேட்டதும் அந்த மனிதர் விழித்தார். பிறகு புரிந்து சிரித்து, "கிராத்திஸ், இபு" என்று உள்ளே விட்டார். 29 நாடுகள் கலந்துகொண்ட மாநாடு. கொடிகளை அம்மா வரிசையாகப் பார்த்து வந்தார். "நம்ம நாடு எங்க?" இல்லை. நாம் அப்போது வெள்ளைக்காரனிடம் இருந்தோம் என்றேன். "ஆமா, பாட்டி அப்போ மலையில இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கால் வலிக்கிறது என்று ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். நான் சிவப்பு நாற்காலிகளையும் பழைய புகைப்படங்களையும் பார்க்கப் போய்விட்டேன். அந்த வாக்கியத்தை அப்போதே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிராகா சாலையைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை இல்லை. எனக்கு அது டச்சுக் கட்டடங்களுக்கு முன்னால் எல்லாரும் எல்லாரையும் படம் எடுக்கும் தெருவாகத்தான் தெரிந்தது. சாப்பாடுதான் பாண்டுங். சூராபி என்று ஒன்று. அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்து, சிறிய மண்சட்டியில் ஊற்றி, விறகு அனலில் மூடி வேகவைக்கிறார்கள். மேலே ஒஞ்சோம். புண்ணாக்கைப் புளிக்கவைத்துச் செய்வது, கொஞ்சம் புளிப்பும் காரமுமாக நாக்கில் நிற்கும். அம்மா முதல் சூராபியைப் பிய்த்து மோந்து பார்த்தார். "ஆப்பம்தான். சட்டி மட்டும் கனமா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி மூன்று தின்றார். பச்சைக் காய்களையும் இலைகளையும் சம்பாலில் தொட்டுத் தின்னும் லாலாப்பானைப் பார்த்து, "வேகவைக்க அடுப்பு இல்லையா இவங்களுக்கு?" என்றவரும் அவர்தான்.

மூன்றாம் நாள் கார் எடுத்துத் தெற்கே போனோம். சிவிடேய் தாண்டி, பாத்துஹா மலையின் எரிமலை வாய்க்குள் இருக்கும் காவா புத்தே. வெள்ளை மண், பால் கலந்த பச்சை நீர், மூக்கை அறுக்கும் கந்தக நெடி. கால்மணி நேரத்துக்குமேல் நிற்காதீர்கள் என்கிறார்கள். அம்மாவுக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. அதற்கும் மேலே கொஞ்ச தூரம் போனதும் ராஞ்சாபாலி. வளைவு திரும்பியதும் இரண்டு பக்கமும் தேயிலை. பேசிக்கொண்டே வந்த அம்மா நிறுத்தினார்.

இந்த மலைகளின் தேயிலைத் துரைகளைப் பற்றி ஹெல்லா ஹாசே 1992இல் ஒரு டச்சு நாவல் எழுதினார். 'தி டீ லார்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் கிடைக்கிறது. கடிதங்களையும் ஆவணங்களையும் வைத்து எழுதிய நல்ல நாவல். துரை வீட்டின் துக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. கொழுந்து பறித்தவர்கள் கடிதம் எழுதி வைக்கவில்லை. காரில் போகும்போது நான் இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். யாரிடம் சொல்கிறோம் என்ற யோசனையே இல்லாமல்.

ஓட்டுநர் ஓரிடத்தில் நிறுத்தினார். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க ஒரு கூடையும் ஓலைத் தொப்பியும் இருந்தன. நான் தொப்பியை எடுத்து அம்மா தலையில் வைக்கப் போனேன். "வேணாம்டி." "ஒரே ஒரு படம்மா." "வேணாங்கிறேன்ல." "இவ்ளோ தூரம் வந்துட்டு..." என்று சொல்லிக்கொண்டே நான் கூடையின் பட்டையை அவர் தோளில் மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தேன். அம்மா அசையாமல் நின்றார். போனை இறக்கிவிட்டேன். அவரே மெல்லக் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

சற்றுத் தள்ளி ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். முழங்கை வரை உறை, காலில் பூட்ஸ், கையில் பெரிய கத்தரி. அம்மா நேராக அவரிடம் போனார். நான் பின்னால் போனேன். "செஜுக், காகாக்?" என்று கேட்டார் அம்மா. குளிருதா அக்கா என்று. அந்தப் பெண் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "டிங்கின், இபு. பாகி டிங்கின்" என்றார். காலையில் குளிர். இந்தோனேசியர்களுக்கு 'செஜுக்' என்பது இதமான குளிர்ச்சி. விடுதி விளம்பரங்களில் வரும் சொல். உடம்பை நடுக்குவதற்கு 'டிங்கின்' வேறாக இருக்கிறது. இதை ஓட்டுநர் பிறகு விளக்கினார். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு நிறுவை, மழைக்கு என்ன செய்வீர்கள் என்று இருவரும் பாதி புரிந்தும் புரியாமலும் பேசிக்கொண்டே போனார்கள். நான் அங்கே தேவையில்லாத ஆள்.

அம்மா கத்தரியை வாங்கி இரண்டு வெட்டு வெட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு கையை நீட்டி, பார்க்காமலே, இரண்டு இலை ஒரு கொழுந்து, இரண்டு இலை ஒரு கொழுந்து என்று கிள்ளினார். விரல்கள் அவ்வளவு வேகமாகப் போனதை நான் வெங்காயம் உரிக்கும்போதுகூடக் கண்டதில்லை. கை நிறைந்ததும் அந்தப் பெண்ணின் கூடையில் போட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கத்தரில வெட்டினா கொழுந்தும் முத்தலும் ஒண்ணா விழும். எங்க மண்டோர் பாத்தா கூடையைக் கவுத்திருவாரு" என்றார் அம்மா, காரில் ஏறியதும். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இத்தனை வருடம் மறைத்துவைத்த ஒன்றில் பெருமையும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இரவு விடுதியில் பாண்ட்ரேக் வாங்கி வந்தேன். இஞ்சியும் பனைவெல்லமும் போட்டுக் கொதிக்கவைத்தது. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார்.

"ஆறாவதோட நிறுத்திட்டாங்க என்னை. பாட்டிக்கு முடியல. விடியறதுக்கு முன்னாடி எழுப்பிரும். சாக்கை அடுப்புல காட்டிச் சூடாக்கி இடுப்புல கட்டிவிடும். வயித்துக்கு அவ்ளோ இதமா இருக்கும்டி."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? மலையில பனி. அரை மணி நேரத்துல நனைஞ்சிரும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஈரச் சாக்குதான்."

குவளையைக் கீழே வைத்தார். நான் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஏசியை அடைச்சுட்டுப் படு. காலையில பசார் பாரு போகணும்."