கிழியக் கொடுத்த புத்தகங்கள்

புத்தகங்களுக்குக் குறைவில்லாத தொடக்கப்பள்ளிகளிலும் வாசிக்கும் பிள்ளைகள் குறைவாக இருப்பதற்கு முதற்காரணம், அப்புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதே. இருப்புப் பதிவேட்டில், அதாவது பள்ளியின் உடைமைகளைக் கணக்கெழுதி வைக்கும் ஏட்டில், ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர் என்பதால், கிழியாமல் காப்பதே கடமை என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்கிறது; அவ்விதி மிகுதியும் தேவைப்படும் இடம் ஒன்றாம் வகுப்பு அறைதான்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயற்படுத்தப்பட்ட புத்தகப் பூங்கொத்துத் திட்டம், வகுப்பறைக்குள் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடும் எளிய முறையைக் கொண்டுவந்தது. எழுத்தறியாத பிள்ளை தலைப்பைப் பார்த்து அல்ல, அட்டைப்படத்தைப் பார்த்தே புத்தகத்தைத் தேர்கிறது. எனவே அலமாரியில் முதுகு காட்டி நிற்கும் புத்தகம் அதற்கு இல்லாத புத்தகமே. கயிறும் பிள்ளையின் தோளுயரத்தில் இருக்க வேண்டும்; ஆசிரியர் எடுத்துக் கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற நிலையில், பிள்ளை கேட்பதற்குக் கூச்சப்பட்டே விலகிவிடும்.

ஆயினும் தொங்கவிட்டதனால் மட்டும் புத்தகம் வாசிக்கப்படுவதில்லை. அதற்கு உயிரூட்டுவது உரக்க வாசித்தல்: படங்கள் தெரியுமாறு புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, சொற்களின் கீழ் விரலோட்டி, திரும்பத் திரும்ப வரும் தொடரில் சற்று நிறுத்தி, அவர்களே அதைச் சொல்லி முடிக்க இடம் விடுவது. அவ்வாறு வாசித்த புத்தகம் அதே நாளில் கயிற்றுக்குத் திரும்பினால், அடுத்த இடைவேளையில் அதற்குத்தான் போட்டி. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கதையை நினைவிலிருந்து சொல்வதை வெறும் மனப்பாடம் என்று ஆசிரியர் சிலர் தடுத்துவிடுகின்றனர்; உண்மையில், ஒலிக்கும் சொல்லுக்கும் அச்சிட்ட சொல்லுக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளை தானே தேடத் தொடங்கும் கட்டம் அது. வாசிப்பின் அந்த முதற்படியைக் கலைப்பது பெரும் இழப்பு. கதை முடிந்தவுடன் நீதி என்ன என்று கேட்பதும் அத்தகையதே. அதற்குப் பதிலாகக் கதையை நடித்துக் காட்டலாம், முடிவை மாற்றி வரையலாம், பாட்டி சொன்ன கதையைப் பிள்ளைகளே தாளில் எழுதித் தைத்து அதே கயிற்றில் தொங்கவிடலாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்னும் நிலைகளாகப் பிரித்திருக்கிறது. இப்பகுப்பு புத்தகத்தைத் தேர உதவும் வரை நல்லது. பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முத்திரையாக மாறிவிட்டால் கேடு. நான்காம் வகுப்புப் பிள்ளை நுழை நிலைப் புத்தகத்தை ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கு வாசித்துக் காட்டும்போது, தன் தடுமாற்றத்தையும் கூச்சமின்றிச் சரிசெய்துகொள்கிறது; பல வகுப்புகள் ஒன்றாக அமரும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது இயல்பாகவே வாய்க்கும் வசதி.

இரவல் ஏட்டையும் பிள்ளைகளிடமே விடலாம். எழுதத் தெரியாதவர் அட்டைப்படத்தை வரைந்து வைக்கட்டும். வாசித்துக் கிழிந்த புத்தகத்தை ஆசிரியர் மேல் குறையாக ஏற்றாமல் கணக்கிலிருந்து நீக்க, கல்வித்துறை அலுவலர்கள் எழுத்திலேயே வழி செய்து தர வேண்டும். அது வந்தாலன்றிப் பீரோவின் சாவி ஆசிரியர் கையை விட்டு இறங்காது.