ஒல்லி ஆலமரத்துக்கு ஒரு கட்டு

உங்க ரூம்ல போன்சாய் இருக்கா? ரெண்டடி உசரம், உச்சியில மட்டும் நாலு இலைன்னு நெடுநெடுன்னு நிக்குதா? அப்ப நீங்க நம்ம கட்சி!

என்கிட்ட இருக்கிறது ஆல். அக்கா சென்னைக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஒப்படைச்சது. சங்கரன்கோவில்ல எங்க தெரு வீடுங்க சுவரோட சுவர் ஒட்டினது. எங்களுக்கு ஒரே ஜன்னல். வெளிச்சம் பத்தாத செடி, அதைத் தேடியே நீண்டுக்கிட்டுப் போகும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடிடும். அம்மாவுக்கு வேற கவலை. “வீட்டுக்குள்ள ஆலமரம் ஆகாதுட்டி, குளத்தாங்கரையில நட்டுட்டு வா.” அக்காவோ போன்ல என்னைய விசாரிக்கிறதுக்கு முன்னாடி மரத்தைத்தான் விசாரிப்பா.

பாதியில வெட்டிவிட்டா துளிர்க்கும்தான். ஆனா அக்கா வளர்த்த அந்த உச்சிக் கொத்து குப்பைக்குப் போயிடுமே? அதான் விண்பதியம். கொய்யா, மாதுளை, எலுமிச்சைக்குத் தோட்டக்காரங்க செய்ற அதே வேலை.

முதல்ல மரத்தை மொட்டை மாடியில கீத்து நிழலுக்குக் கொண்டுபோங்க. இலைக்கொத்துக்குக் கொஞ்சம் கீழே, தண்டைச் சுத்தி ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம் மாதிரி எடுத்துடணும். பால் வடியும், துடைச்சிடுங்க. உள்ளே வழவழன்னு ஒரு சவ்வு இருக்கும். அதைச் சுரண்டாம விட்டா, மரம் காயத்தை மூடிக்கிட்டு நம்மளைப் பார்த்துச் சிரிக்கும். நடுக்கட்டையில மட்டும் கத்தி படக்கூடாது. தண்ணி அது வழியாத்தான் மேல ஏறுது. இலை தயாரிக்கிற சர்க்கரை பட்டை வழியா கீழே இறங்கும். வழி இல்லாததால வெட்டின இடத்துக்கு மேல தேங்கும். வேர் அங்கதான் கிளம்பும். என்ன தந்திரம் பாருங்க!

நனைச்சுப் பிழிஞ்ச தென்னை நார்க்கழிவை ஒரு கைப்பிடி வச்சு, பாலித்தீன் கவரால சுத்தி, மேலயும் கீழயும் இறுக்கிக் கட்டுங்க. கோயில் புற்றுமண்ணை வைக்கலாமான்னு சித்தி கேட்டாங்க. ஊருக்கே அதுதான் மருந்து, ஒத்துக்கறேன். ஆனா இங்க ஈரமும் வேணும், காத்தும் வேணும்; அதுக்கு நார்தான்.

ஆடித் தபசு முடிஞ்ச வாரம் கட்டினேன். காத்து அடிச்ச அடியில தண்டு ஆடாம இருக்க ஒரு குச்சியும் முட்டுக் கொடுத்தேன். ஆறாவது வாரம் கவருக்குள்ள தறியில அறுந்த நூல் மாதிரி வெள்ளை வேர்! உடனே வெட்டிடாதீங்க. வேர் பழுப்பாகிக் கிளை விடட்டும். மூணு வாரம் பொறுத்து, கட்டுக்குக் கீழே வெட்டி, நாரை உதறாம அப்படியே தொட்டியில வச்சேன். மறுபடி ஜன்னலோரம் கொண்டுபோனா இதுவும் நெட்டைதான், அதனால ரெண்டும் மாடியிலேயே.

ஆமா, ரெண்டு. அடிக்கட்டையிலும் மூணு மொட்டு விட்டிருக்கு. வீட்ல ஒரு ஆலுக்கே ஆகாதுன்னவங்ககிட்ட இந்தக் கணக்கை இன்னும் சொல்லல. அக்கா தீபாவளிக்கு வர்றா. எதைச் சென்னைக்கு எடுத்துட்டுப் போறதுன்னு அவளே முடிவு பண்ணட்டும்.