பூன் லேயில் ஒரு புதுக் கார்

சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் இருக்கிறது பூன் லே. அந்தப் பெயர் ஒரு தோட்டக்காரருடையது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சியூ பூன் லே (1852–1933) என்ற சீன வணிகர் அங்கே நிலம் வாங்கிக் காம்பீரும் மிளகும், பின்னர் ரப்பரும் பயிரிட்டார். 1961-ல் ஜூரோங் தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. பால்மரம் நின்ற மண்ணில் இன்று அடுக்குமாடி வீடுகள்.

அதில் ஒன்றில்தான் என் தம்பி குடியிருக்கிறான். துவாஸில் தொழிற்சாலை வேலை. ஐந்து மாதங்களுக்கு முன் சின்னக் கார் ஒன்று புதிதாக வாங்கினான். பள்ளி விடுமுறையில் போய்ப் பார்த்தேன்.

கார் அழகுதான். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது. சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளவே 'சி.ஓ.இ.' என்ற உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-ல் வந்த ஏற்பாடு. பத்து ஆண்டுதான் செல்லும். அப்புறம் மறுபடி பணம் கட்ட வேண்டும், இல்லையேல் வண்டியைக் கழிக்க வேண்டும். சின்னக் கார்களுக்கான சான்றிதழே 2023-ல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. நம் ரிங்கிட்டில் மூன்று லட்சத்துக்கு மேல்! ஐந்தாறு மைவி வாங்கலாம். வெறும் காகிதத்துக்கு இந்த விலை. கார் விலை தனி. சின்னஞ்சிறு தீவில் சாலை நெரியாதிருக்க வேறு வழியில்லை என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

இத்தனை கொடுத்து வாங்கியவன் தினமும் ஓட்டுகிறானா என்றால், இல்லை. வேலைக்குக் கம்பெனி பஸ். நகருக்குள் போனால் 1998 முதல் மின்னியல் சாலைக் கட்டணம். ஞாயிறன்று லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கக் கிளம்பினோம். அவன் ரயில் நிலையத்துக்கு நடந்தான்.

"காரை எடுக்கலையாடா?"

"அங்கே நிறுத்த இடம் தேடியே பொழுது போயிடும்க்கா."

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி, சுகமாகவே போய்ச் சேர்ந்தோம்.

பின்னே கார் எதற்கு? அம்மாவுக்காக. கூலாய்ப் பக்கத் தோட்டத்தில் முழங்கால் வலியோடு தனியே இருக்கிறார். துவாஸிலிருந்து 1998-ல் திறந்த இரண்டாம் பாலம் வழியே வந்தால் தோட்டம் தூரமில்லை. சிங்கப்பூர்க் கார் என்பதால் டாங்கியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும். குறைந்தால் எல்லையில் திருப்பிவிடுவார்கள். அதற்கெல்லாம் அவன் அசரவில்லை. முதல் இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கொரு முறை வந்தான். அம்மாவைக் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போனான். லயமே வேடிக்கை பார்த்தது.

தவணைதான் இடித்தது. ஏழு ஆண்டுக் கடன். அதைக் கட்ட ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் எடுக்கிறான். நான் போன ஞாயிறு தப்பிப் பிழைத்த ஒன்று. இப்போது ஊருக்கு வருவது மாதம் ஒரு முறை. மாடியில் கார் பளபளவென்று நிற்கிறது. அவன் மனைவி வாரந்தோறும் தூசி தட்டுகிறாள்.

திரும்பியதும் அம்மாவிடம் கார் நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. பஸ்ஸில வந்தப்போ ரெண்டு நாள் தங்குவான். இப்போ சாயங்காலமே திரும்பிடுறான்" என்றார், தம்பி வாங்கித் தந்த தைலத்தை முழங்காலில் தேய்த்துக்கொண்டே.