அம்மாச்சி போன வெளிநாடு

இந்தக் கோடை விடுமுறைக்கு வெளிநாடு போயே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். மூத்தவளுக்குப் பதினைந்து, இளையவனுக்குப் பதின்மூன்று. வகுப்பில் யாரோ தாய்லாந்தில் கயிற்றில் தொங்கிய படத்தைக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் இருவர் சம்பளத்தில் இந்த வருடம் அது நடக்காது. ஆனால் அந்த ஆசையைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நம் தெருப் பிள்ளைகள் ஊர் சுற்ற ஆசைப்பட்டாலே அதற்கு விளக்கம் கேட்பவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

"மொதல்ல அம்மாச்சி போன வெளிநாட்டுக்குப் போவோம்" என்றோம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மாச்சி சிறுமியாக மலையேறியபோது போடி மதராஸ் மாகாணத்தில் இருந்தது, மேலே ஏலமலை திருவிதாங்கூர் சமஸ்தானம். வேறு அரசு, வேறு காசு. போனது சுற்றிப் பார்க்க அல்ல, கூலிக்கு.

விடியுமுன் தோட்டத்து ஜீப்பில் ஏறினோம். எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கிய மகன் பாதியில் விட்டுவிட்டான். போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மடியில் தூக்குவாளியோடு இருந்த அக்கா ஒருவர், "கண்ண மூடிக்க பாப்பா, பூப்பாறை வந்துரும்" என்று மகளைப் பிடித்துக்கொண்டார். கட்டணம் வாங்கிக்கொண்டு இதே மாதிரிப் பயணத்தைச் சாகசம் என்று விற்கிறார்கள். அந்த அக்காவுக்கு அது தினம் இரண்டு வேளை.

ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும். குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். முற்றியது எது, பிஞ்சு எது என்று பார்த்துக் கிள்ளுவதற்குள் அரைமணி நேரத்தில் பிள்ளைகளுக்கு இடுப்பு விட்டுப்போனது. மேற்பார்வை பார்த்தவர் பேச்சோடு பேச்சாக, "போடியில எந்தத் தெரு?" என்றார். மகள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். "எல்லை தாண்டியும் கேப்பாங்களா?" என்று பிறகு கேட்டாள். கடல் தாண்டியும் கேட்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய வேண்டி வந்தது என்றோம். இன்னும் நல்ல பதில் எங்களிடம் இல்லை.

இறங்கும்போது இரண்டு தீயைப் பற்றியும் பேசினோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றம் வந்தவர்கள் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடே அழுதது, அழ வேண்டியதுதான். 2020 மார்ச் கடைசியில், கொரோனாவால் போக்குவரத்து நின்றபோது, பூப்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவர்கள் காட்டுவழியாக நடந்தே ராசிங்காபுரம் திரும்பினார்கள். அவர்களையும் தீ வளைத்தது. இறந்தவர்களில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. அந்தச் செய்தி ஊரடங்குச் செய்திகளுக்குள் புதைந்துபோனது. தம்பி தங்கைகளே, குரங்கணியைத் தெரிந்த உங்களில் எத்தனை பேர் ராசிங்காபுரத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? போடியில் படித்தவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

மகன் வெகுநேரம் பேசவில்லை. "அவங்க ஏன் ரோட்டு வழியா வரல?" என்று மட்டும் கேட்டான். ஜீப்பில் இருந்த அக்காதான் பதில் சொன்னார்: "வண்டி இல்லாட்டி காட்டு வழிதான் கிட்ட, சாமி."

வீட்டுக்கு வந்ததும் நான்கு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம். பணம் சேர ஒரு வருடமாவது ஆகும். நம் சனங்கள் கூலிக்குப் போன இலங்கை மலையகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள் மகள். மகன் இன்னும் தாய்லாந்திலேயே நிற்கிறான்.