செபுத் தீவின் பவளக்கல் ஆலயங்கள்

பிலிப்பைன்ஸ் தேசத்துச் செபுத் தீவின் தென்கிழக்குக் கரையில், ஆர்காவோ, தலகேட்டே, போல்ஹோன், ஓஸ்லோப் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஊர்களில் நிற்கும் ஸ்பானியர் காலத்துப் பங்குக் கோயில்களைக் கலைச் சின்னங்கள் என்று மாத்திரம் புகழ்ந்துவிட்டுப் போவது, அவற்றின் சரித்திரத்தில் பாதியை மறைப்பதாகும். கடலிலிருந்து பெயர்த்த பவளக்கற்களை அறுத்து அடுக்கிச் சுவரெழுப்பிய அக்காலத்து ஜனங்கள், தெற்கிலிருந்து படகேறி வந்து ஆட்களைச் சிறைபிடித்துச் சென்ற கொள்ளைக்காரருக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள். ஆகையால் ஜூலியன் பெர்மேஹோ என்னும் அகுஸ்தீன் சபைக் குரு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கரை நெடுகக் காவற்கோபுரங்களை எழுப்பி, போல்ஹோன் ஆலய வளாகத்தையும் கோட்டைபோல் அரண்செய்தார். பக்தியும் பயமும் ஒரே சுண்ணாம்பில் குழைந்த கட்டடம் அது. (பீடத்தின் பொற்பூச்சைவிட அந்த மதிலே என்னிடம் அதிகம் பேசுகிறது.)

அவ்வாலயத்துப் பிரசங்க மேடையை அலங்கரித்த செதுக்குப் பலகைகள் 1980களில் காணாமற்போயின. அவற்றுள் நான்கு, 2024இல், தனியார் நன்கொடையாக மணிலாவின் தேசிய அருங்காட்சியகத்தில் தோன்றியபோது, செபு உயர்மறைமாவட்டம் அவற்றைத் திருப்பித் தருமாறு கேட்டது. காட்சிக்கூடத்தில் பாதுகாப்பு அதிகம் என்பது மெய்யே. ஆயினும் இன்றும் வழிபாடு நிகழும் ஒரு கோயிலின் உடைமையைப் பிரித்து வைத்து அழகு பார்ப்பது, என் அபிப்பிராயத்தில், நியாயமன்று.