கூலி எழுதாத கணக்கு

பூக் கட்டத் தெரியாத பெண்ணும் நம் ஊரில் உண்டா என்று கேட்பீர்கள். இதோ, இந்தக் கட்டுரையை எழுதுகிறவளே ஒருத்தி இருக்கிறேன்! நான் கட்டினால் பூ ஒரு பக்கம் போகும், நார் ஒரு பக்கம் போகும். ஆகையால்தான் என் அண்ணி பூ அலங்காரத் தொழில் ஆரம்பித்தபோது என்னைப் பூவின் பக்கமே விடவில்லை. "நீ காலேஜில் படித்தவள். கணக்கை எழுது, போதும்" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டாள்.

முதல் என்ன தெரியுமா? ஒரு ஜோடி வளையல். அதை அடகு வைத்து 40,000 ரூபாய் வாங்கினோம்.

1996-ல் திறந்த கோயம்பேடு அங்காடிக்கு நீங்கள் பகலில் காய்கறி வாங்கப் போயிருப்பீர்கள். விடியுமுன் பூ மார்க்கெட்டைப் பார்த்ததுண்டா? மூட்டை மூட்டையாக மல்லிகை, ஓசூரிலிருந்து வரும் ரோஜாக் கட்டுகள், சாமந்திக் குவியல்கள். மல்லிகை மாலைக்குள் மலர்ந்துவிடும். அதற்குள் தொடுத்தாக வேண்டும். சாமந்தி பொறுமைசாலி, மறுநாளும் காத்திருக்கும். இதெல்லாம் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவளுக்கே தெரியாத பாடம் ஒன்று இருந்தது. தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு ஐப்பசியிலேயே விலை பேசிவிட்டாள். குளிர் வந்தால் மல்லிகை வரத்துக் குறைந்துபோகும். தை பிறந்தாலோ வரிசையாக முகூர்த்தங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டி நின்றது! கைப்பணம் 5,000 ரூபாய் போயிற்று. அன்று முதல் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் அண்ணி விலை பேசுவதில்லை.

வருஷம் முடிந்து கணக்கைக் கூட்டினேன். எல்லாச் செலவும் போக மிச்சம் 61,000 ரூபாய். வளையல் திரும்பி வந்தது. அண்ணாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. உதவிக்கு வந்த பெண்ணுக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன், ஆட்டோக்காரருக்கு எழுதியிருக்கிறேன், நூல்கண்டுக்குக்கூட எழுதியிருக்கிறேன். விடியுமுன் எழுந்து, நள்ளிரவில் மேடையைப் பிரித்துவிட்டு வருகிறாளே அண்ணி, அவளுக்கு ஒரு காசு எழுதவில்லை!

அவள் உழைத்தது 96 நாள். அதே 600 ரூபாய் கூலி என்று வைத்தாலும் 57,600 ரூபாய் ஆகிறது. அப்படியானால் வியாபாரத்தின் லாபம் வெறும் 3,400 ரூபாய்தான். நோட்டை நீட்டினேன். அண்ணி வெகு நேரம் பார்த்தாள். "நாம் வாங்குகிற விலையே தப்பு, இல்லையா?" என்றாள் மெதுவாக.

மறு வாரமே சோதனை வந்தது. அண்ணியின் சித்தி, மகளின் வளைகாப்புக்கு அலங்காரம் பேச வந்தாள். "பூவுக்கு என்ன ஆகுமோ வாங்கிக்கொள். கட்டப் போகிறது நீதானே! உனக்கு எதற்குத் தனியாகப் பணம்?" என்றாள். வழக்கமாகத் தலையாட்டும் அண்ணி அன்று ஆட்டவில்லை.

"சித்தி, பூவை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எனக்குக் கூலி மட்டும் போதும்."

சித்தி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிரவு அண்ணி சாப்பிடவில்லை. உறவா, பணமா என்று ஊரார் கேட்பார்களே என்ற பயம். மூன்றாம் நாள் சித்தி வந்தாள். வேறு இரண்டு இடத்தில் விசாரித்தாளாம்! முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு, அட்வான்ஸை மேஜைமேல் வைத்தாள்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இறங்க நினைத்தால், வாளியும் கத்தரிக்கோலும் பிறகு வாங்கலாம். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

கணக்கு எழுதிய எனக்கு என்ன கூலி என்கிறீர்களா? வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழம் மல்லிகை. அதையும் அண்ணி அளந்துதான் கொடுக்கிறாள்!